42 விநாடி: மாரத்தானுக்கு ஐந்து வாரம் முன்பு ஓடிய ஒரு 30 கிலோமீட்டர்

நான்கு மணி நேரத்துக்குள் மாரத்தானை முடிக்க வேண்டும் என்று பதினாறு வாரம் உழைத்த ஒருவர் 4:00:42-இல் முடித்தார். அன்று மாலை தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அந்த முப்பதை ஓடியிருக்கவே கூடாதோ, அண்ணா?"

"ஆமாம்" என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில். அவருக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தவன் நான். நடுவில் ஒரு 30 கிலோமீட்டர் போட்டியைச் செருகியதும் நான்தான். அதனால் பழியை அந்தப் போட்டியின் மீது போடுவது எனக்கும் ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. "தெரியாமல் சேர்த்துவிட்டேன், அடுத்த முறை வேண்டாம்" என்று ஒரு வரியில் கணக்கை முடித்துவிடலாம் அல்லவா?

இரண்டு வாரம் கழித்து இரண்டு போட்டிகளிலும் அவர் கையில் கட்டியிருந்த ஜிபிஎஸ் கடிகாரத்தின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, அந்த "ஆமாம்" பாதிக்கு மேல் தவறு என்று தெரிந்தது. ஓடியவரின் சம்மதத்தோடு, பெயரையும் போட்டிகளின் பெயரையும் விட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறேன்.

ஓடியவரும் இலக்கும்

வயது 38, எடை 58 கிலோ. நான்கு ஆண்டுகளாக ஓடுகிறார், வாரத்தில் ஐந்து நாள். நாள் முழுவதும் நாற்காலியில் கழியும் வேலை. அரை மாரத்தானில் அவருடைய சிறந்த நேரம் 1:53:30. அதற்கு முன் ஓடிய ஒரே மாரத்தானை 4:19-இல் முடித்திருந்தார். 32-ஆவது கிலோமீட்டர் வரை நன்றாக ஓடிவிட்டு, மிச்சத்தை நடையும் ஓட்டமுமாகக் கடந்தார்.

அந்த 32-ஐ ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்பார்கள். தசையிலும் கல்லீரலிலும் உடல் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஏறக்குறைய 2000 கிலோ கலோரிக்குத்தான் வரும். ஓடுவதற்கு ஆகும் செலவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோ கலோரி என்பது தோராயக் கணக்கு. 58 கிலோ எடையுள்ளவருக்கு 42.195 கிலோமீட்டருக்கு 2450 ஆகும். பற்றாக்குறையைக் கொழுப்பு ஈடுகட்டும். ஆனால் வேகம் கூடக்கூட உடல் கிளைகோஜனையே அதிகம் கேட்கும். ஆரம்பத்தில் அவசரப்பட்டவர் கடைசியில் நடப்பது இதனால்தான்.

1:53:30-ஐ வைத்து மாரத்தான் நேரத்தைக் கணிக்க ரீகல் சூத்திரத்தைப் பயன்படுத்தினோம். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்டது. தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அதன் 1.06 அடுக்கால் நேரத்தைப் பெருக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் நேரம் 2.085 மடங்கு. அதன்படி 3:56 சொச்சம் வந்தது. நான்கு மணி என்ற இலக்கு பேராசை இல்லை, ஆனால் கையில் அதிக மிச்சமும் இல்லை. கிலோமீட்டருக்கு 5:41 ஓடினால் 3:59:48. இந்த ரீகல் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவார்.

ஏன் அந்தப் போட்டி

பதினோராவது வாரக் கடைசியில் 30 கிலோமீட்டர் போட்டி ஒன்று இருந்தது. மாரத்தானுக்குச் சரியாக ஐந்து வாரம். அன்றைக்கு எப்படியும் 30 கிலோமீட்டர் நீண்ட ஓட்டம் திட்டத்தில் இருந்தது. தனியாக ஓடுவதற்குப் பதில், தண்ணீர் மேசையும் அடைத்த சாலையும் கூட்டமும் உள்ள இடத்தில் ஓடட்டுமே என்று நினைத்தேன். மாரத்தான் வேகத்தைக் களைத்த காலில் பழகலாம், ஓடிக்கொண்டே ஜெல் (கூழாக இருக்கும் மாவுச்சத்துப் பொட்டலம்) விழுங்கிப் பழகலாம். முதல் மாரத்தானில் புறப்பாட்டுக் கூட்டத்தில் அவருக்கு ஏற்பட்ட படபடப்பும் குறையும்.

மூன்று நோக்கங்கள். ஒரு போட்டிக்கு இது அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. அதைவிடப் பெரிய பிழை, முந்தின இரவு நான் அனுப்பிய குறுஞ்செய்தி: "முதல் 10 நிதானமாக 6:10. அடுத்த 15 மாரத்தான் வேகம் 5:41. கடைசி 5 உடம்பு சொன்னபடி."

மார்பில் எண் குத்திக்கொண்டு நிற்பவரிடம் உடம்பு என்ன சொல்லும்? ஓடு என்றுதான் சொல்லும். கடைசி ஐந்துக்கு மட்டும் கொடுத்த சலுகையை அவர் முப்பதுக்கும் எடுத்துக்கொண்டார். நான் சொன்னபடி ஓடியிருந்தால் ஏறக்குறைய 2:56 ஆகியிருக்க வேண்டும். அவர் 2:44:07-இல் முடித்தார்.

போட்டி நாள்

ஐந்து ஐந்து கிலோமீட்டராக அவருடைய நேரங்கள்:

0–5: 27:40, சராசரி இதயத் துடிப்பு 152
5–10: 26:50, துடிப்பு 161
10–15: 26:40, துடிப்பு 168
15–20: 27:00, துடிப்பு 171
20–25: 27:45, துடிப்பு 173
25–30: 28:12, துடிப்பு 177

முதல் ஐந்திலேயே 6:10 என்ற பேச்சு காணாமல் போயிருப்பதைப் பாருங்கள். 5:32-இல் தொடங்கியிருக்கிறார். கேட்டதற்கு, "எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள் அண்ணா, நின்றுகொண்டிருப்பது போல் இருந்தது" என்றார். இதை ஒழுக்கக்குறைவு என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. புறப்பாட்டுக் கோட்டில் கூட்டத்தோடு நின்றவர்களுக்குத் தெரியும், நிதானமாக ஓடுவது என்பது அங்கே தனியாகப் பழக வேண்டிய ஒரு திறமை. அவருக்கு அதை நான் பழக்கவில்லை.

பட்டியலின் கீழ்ப்பாதிதான் முக்கியம். பதினைந்துக்குப் பிறகு வேகம் குறைந்துகொண்டே வருகிறது, துடிப்போ ஏறிக்கொண்டே போகிறது. 10–15-ஐ 168 துடிப்பில் 26:40-க்கு ஓடியவருக்கு, 25–30-இல் 177 துடிப்பு செலவழித்தும் 28:12தான் கிடைத்தது. இதயத் துடிப்பு நகர்வு என்பது இதுதான். வெயில் ஏறி, வியர்த்து, இரத்தத்தின் கன அளவு குறையும்போது, ஒவ்வொரு துடிப்புக்கும் போகும் இரத்தம் குறைகிறது. அதைச் சரிக்கட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. புறப்பட்டபோது 21 பாகை, முடித்தபோது 27. ஓரளவு நகர்வு யாருக்கும் வரும். ஆனால் பயிற்சியில் 5:41-இல் அவருக்கு 158-லிருந்து 160 வரைதான் துடிப்பு இருக்கும். ஆக, பத்தாவது கிலோமீட்டருக்கு முன்பே இது மாரத்தான் வேக ஒத்திகை என்ற நிலையிலிருந்து அசல் பந்தயமாக மாறிவிட்டது.

நாற்பது நிமிடத்துக்கு ஒன்று வீதம் நான்கு ஜெல் எடுத்துப் போனார். ஒன்றில் 25 கிராம் மாவுச்சத்து. எடுத்தது இரண்டு. மற்ற இரண்டும் இடுப்புப் பட்டையிலேயே வீடு திரும்பின. "அந்த வேகத்தில் தொண்டையில் இறங்கவில்லை" என்றார். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை எடுக்கலாம் என்பது நீண்ட ஓட்டத்துக்கான பொது வழிகாட்டுதல். அவருக்குக் கிடைத்தது மணிக்கு 18. வேகமாக ஓடும்போது குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. அதனால் மாரத்தான் வேகத்தில் இறங்கும் ஜெல் அரை மாரத்தான் வேகத்தில் இறங்காமல் போகலாம். ஒத்திகை பார்க்கவென்று போன விஷயம், ஒத்திகையின் வேகம் தப்பாகிவிட்டதால் பார்க்கப்படாமலே போயிற்று. எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

ஐந்து தண்ணீர் மேசைகளில் இரண்டில் மட்டும் நின்றார். ஓடுவதற்கு முன் 58.2 கிலோ, பின் 56.5. கிட்டத்தட்ட 3 விழுக்காடு. பதறிப்போய் "நன்றாகத் தண்ணீர் குடியுங்கள்" என்று நான் சொன்னதையும் பிறகு திருத்த வேண்டியிருந்தது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்ததில், 13 விழுக்காட்டினருக்கு சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே அது அதிகம் வந்தது. குறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, உணவோடு சேர்த்து ஈடுகட்டுவது போதும்.

இத்தனை இருந்தும் அன்று மாலை அவரும் நானும் குஷியாகத்தான் இருந்தோம். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2:44:07-ஐ ரீகல் சூத்திரத்தில் போட்டால் 3:55:36. "அண்ணா, இலக்கை 3:55 என்று மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். "பார்க்கலாம்" என்றேன். ஒரு பயிற்சியாளர் 'பார்க்கலாம்' என்றால் ஓட்டக்காரர் காதில் 'சரி' என்றுதான் விழும்.

பத்து நாள்

மறுநாள் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார். கடின ஓட்டத்துக்குப் பிறகு தசைவலி 24 மணி முதல் 72 மணி வரை உச்சத்தில் இருப்பது வழக்கம்தான். கால் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் தொடைத் தசை நீண்டபடியே சுமை தாங்குகிறது; அந்த வகை வேலைதான் தசை இழைகளை அதிகம் சேதப்படுத்துகிறது.

வழக்கமான வலி, சரியாகிவிடும் என்று விட்டிருந்தால் சரியாகியிருக்கும். மூன்றாம் நாள், புதன்கிழமை, திட்டத்தில் எழுதியிருந்த டெம்போ ஓட்டத்துக்கு, அதாவது சீரான கடின வேகத்தில் ஓடும் பயிற்சிக்கு, போனார். திட்டத்தை நான் மாற்றி எழுதவில்லை. ஒத்திகை என்று நினைத்துப் போட்ட வாரம், பந்தயம் ஓடி முடித்த பிறகும் அப்படியே கிடந்தது. நான்காவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்காலில் இழுப்பு. நின்று, நடந்து வந்தார்.

பந்தயம் ஓடிய ஒவ்வொரு 3 கிலோமீட்டருக்கும் ஒரு எளிய நாள் என்று பயிற்சியாளர் ஜேக் டேனியல்ஸ் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். 30-க்கு பத்து நாள். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், பத்துப் பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அது பந்தயத்துக்கான கணக்கு. இது பயிற்சி ஓட்டம்தானே என்று என் மனம் பழைய பெயரையே பிடித்துக்கொண்டிருந்தது.

எண்ணிக்கையாகச் சொன்னால்: பன்னிரண்டாவது வாரம் திட்டம் 58 கிலோமீட்டர், ஓடியது 19. பதிமூன்றாவது வாரம்தான் உச்ச வாரம், திட்டம் 64, ஓடியது 43. அந்த வாரக் கடைசியில் 32 கிலோமீட்டர் ஓடி, அதில் 18-ஐ மாரத்தான் வேகத்தில் ஓடுவதாக இருந்தது. மொத்தத் திட்டத்தின் முதுகெலும்பு அந்த ஓட்டம். அதற்குப் பதில் 24 கிலோமீட்டர் எளிதாக ஓடினார். அதிலும் வழக்கத்தைவிட எட்டுத் துடிப்பு அதிகம். பதினான்காவது வாரம் திட்டம் 52, ஓடியது 50. மூன்று வாரத்தில் போனது 62 கிலோமீட்டர்.

பதினான்காவது வாரத்தில் எங்களுக்குள் ஒரு சிறு சண்டையும் வந்தது. கால் தெளிந்துவிட்டது, விட்டுப்போன நீண்ட ஓட்டத்தை இப்போது 34 கிலோமீட்டராக ஓடிவிடுகிறேன் என்றார். இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. "போன ஓட்டம் போனதுதான்" என்றேன். "அப்படியானால் அந்த முப்பதுக்குக் கணக்கு இல்லையா?" என்றார். கோபத்தில் கேட்ட கேள்வி என்றாலும் நியாயமான கேள்வி. அந்த முப்பதும் ஒரு நீண்ட ஓட்டம்தான். உடலுக்கு அதன் பயன் எங்கும் ஓடிப்போகவில்லை. 22 கிலோமீட்டரில் 14-ஐ மாரத்தான் வேகத்தில் ஓடுவது என்று சமாதானமானோம். அதை அழகாக முடித்தார், துடிப்பு 159.

கடைசி இரண்டு வாரம் வழக்கமான டேப்பர், அதாவது போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைப்பது. 2007-இல் போஸ்கேயும் குழுவினரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது, இரண்டு வாரத்தில் அளவை 41 முதல் 60 விழுக்காடு வரை குறைத்து, வேகத்தைக் குறைக்காமல் விடுவது நல்ல பலன் தருகிறது என்பது. கிட்டத்தட்ட அப்படியே செய்தோம். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

மாரத்தான்

3:55 என்ற பேச்சை நான் ஒரேயடியாக மூடிவிட்டேன். காரணம், அந்தப் பட்டியலின் கீழ்ப்பாதி. புதிய திட்டம்: முதல் 5 கிலோமீட்டர் 5:50, அங்கிருந்து 32 வரை 5:40, கடைசி 10 சொச்சம் 5:35. கூட்டினால் 3:59:05. கையில் 55 விநாடி மிச்சம். ஜெல் நாற்பது நிமிடத்துக்கு ஒன்று, தவறாமல். இந்த முறை "உடம்பு சொன்னபடி" என்ற சொல் திட்டத்தில் எங்கும் இல்லை.

அவர் ஓடியதைப் போல ஒரு ஒழுங்கான ஓட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. கூட்டம் தாண்டிப் போனபோது விட்டுக்கொடுத்தார். ஆறு ஜெல் எடுத்துப் போய் ஐந்தை முடித்தார். கடிகாரத்தில் 5:50 என்றால் 5:50, 5:40 என்றால் 5:40. முதல் பாதி 2:01:37, இரண்டாம் பாதி 1:59:05. பின்பாதியை முன்பாதியைவிட இரண்டரை நிமிடம் வேகமாக ஓடியிருக்கிறார். 2023-இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35 என்ற உலக சாதனை படைத்தபோதும் முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை, எங்கள் குழுவில் இதைச் சொல்லி அவரைக் கேலி செய்தோம், அவருக்கும் பிடித்திருந்தது.

ஆனால் முதல் பாதி திட்டப்படி 2:00:23 ஆகியிருக்க வேண்டும். 74 விநாடி எங்கே போயிற்று? கடிகாரத்தில் வேகம் மட்டும் தெரியும்படி வைத்திருந்தார், அது சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. பாதி வழியில் தோரண வளைவின் மேல் தொங்கிய பெரிய கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். அது முதல் வரிசை புறப்பட்ட கணத்திலிருந்து ஓடுவது, பின்வரிசையில் நின்றவர்கள் அதை நம்பக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்த புண்ணியவானும் நான்தான். நம்பவில்லை.

35-ஆவது கிலோமீட்டர்ப் பலகை அருகே ஏதோ உறுத்த, மொத்த நேரத்தைத் திருப்பிப் பார்த்தார். 3:20:58. அங்கே 3:18:55 இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார், ஒரு கிலோமீட்டர்கூடச் சோம்பாமல். மீதி 7.195 கிலோமீட்டரை கிலோமீட்டருக்கு 5:25-இல் ஓடினால் நான்கு மணிக்குள் வரலாம். அவர் ஓடியது 5:31. வித்தியாசம் ஆறு விநாடி, ஏழு கிலோமீட்டருக்கு. அதுதான் அந்த 42.

பதிவுகளைத் திறந்தபோது

மாரத்தான் முடிவில் அவருடைய கடிகாரம் காட்டிய தூரம் 42.63. பந்தயத் தூரத்தைவிட 435 மீட்டர் அதிகம். 14,442 விநாடியை 42.63-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5:39. கடிகாரத்தின் கண்ணில் அவர் நான்கு மணிக்கான வேகத்தைவிட வேகமாகத்தான் ஓடியிருக்கிறார். சாலையின் கண்ணில் 5:42.

பந்தயத் தூரம் தவறு என்று நினைக்க வேண்டாம். சான்று பெற்ற பாதைகளை சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய, சக்கரச் சுழற்சியை எண்ணும் ஜோன்ஸ் கவுண்டர் கொண்டு அளக்கிறார்கள், வளைவுகளில் உள் ஓரத்தை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில். அதன் மேல், தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒரு மீட்டர் சேர்க்கிறார்கள். முழு மாரத்தானுக்கு 42 மீட்டர். பெரிய மாரத்தான்கள் சிலவற்றில் சாலையில் நீலக் கோடு போட்டிருப்பது அந்தக் குறுகிய வழிதான். நம்மில் யார் அந்தக் கோட்டில் ஓடுகிறோம்? முன்னால் போகிறவரைச் சுற்றிப் போகிறோம், தண்ணீர் மேசைக்காகச் சாலையைக் குறுக்கே கடக்கிறோம், வளைவில் கூட்டத்தோடு வெளிப்பக்கமாகத் திரும்புகிறோம். இவற்றோடு ஜிபிஎஸ் கருவிக்கு உயர்ந்த கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் நடுவே வரும் தடுமாற்றமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே கடிகாரம் கூடுதலாகக் காட்டுவது நோய் இல்லை, இயல்பு. எவ்வளவு கூடுதல் என்பதுதான் ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி மாறும்.

அடுத்து, 30 கிலோமீட்டர்ப் போட்டியின் பதிவைத் திறந்தேன். கடிகாரம் காட்டிய தூரம் 30.31.

முந்நூற்றுப் பத்து மீட்டர். நூற்றுக்கு ஒன்று சொச்சம். அதே விகிதத்தை 42.195-க்குப் போட்டால் 42.63 வருகிறது. மாரத்தானில் நடந்தது மீட்டர் தவறாமல் ஐந்து வாரத்துக்கு முன்பே எழுதிக் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. நான்கு மணிக்குள் முடிக்க வேண்டுமென்றால் அவருடைய கடிகாரத்தில் 5:41 போதாது, 5:37 தேவை என்பதை அன்று மாலையே ஒரு வகுத்தலில் கண்டுபிடித்திருக்கலாம். நாங்கள் வகுத்தது 2:44:07-ஐ மட்டும்தான். அதிலும் 3:55:36 என்ற இனிப்பான விடை வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டோம்.

ரீகல் மறுபடி வருவார் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சூத்திரத்தை எழுதியவரே சாலைப் பந்தயங்களின் தூரத்தைத் துல்லியமாக அளக்கும் வேலையில் பல ஆண்டுகள் ஈடுபட்டவர். பாதை அளவீட்டுக்கென்று வெளிவந்த ஒரு செய்தி இதழின் ஆசிரியராகவும் இருந்தார். அவரிடமிருந்து நாங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டோம், தூரத்தை விட்டுவிட்டோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன.

கணக்கை முழுதாகப் போட்டால்: திட்டம் 3:59:05. கடிகாரத்தின் கூடுதல் தூரத்தால் போனது இரண்டு நிமிடம் 28 விநாடி. 35-க்குப் பிறகு அவர் தன் கால்களால் மீட்டது 51 விநாடி. மிச்சம் 4:00:42.

அப்படியானால் அந்த முப்பது?

கெட்டுப்போன பத்து நாளும் போன 62 கிலோமீட்டரும் அவரை மெதுவாக்கினவா என்று ஒருவரின் கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதே மனிதரை அந்தப் போட்டி இல்லாமல் இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் கால் தேய்ந்துபோனவர் கடைசி ஏழு கிலோமீட்டரில்தான் தடுமாறுவார். இவரோ அங்கேதான் அன்றைய நாளின் மிக வேகமான கிலோமீட்டர்களை ஓடினார். துடிப்பும் 174-ஐத் தாண்டவில்லை. அந்த முப்பது காலை வாரிவிட்டது என்று சொல்ல இதில் சான்று இல்லை. அது இல்லாவிட்டால் ஒருவேளை 3:57 ஓடியிருப்பார் என்றும் சொல்லலாம், கூட்டத்தில் பொறுமை காக்கத் தெரியாமல் மறுபடி 4:15 ஓடியிருப்பார் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதில்தான் அதிக நம்பிக்கை. மாரத்தானின் முதல் ஐந்து கிலோமீட்டரில் அவர் காட்டிய அடக்கம், முப்பதில் 15–20-இன் போது தொடையில் உணர்ந்ததிலிருந்து வந்தது என்று அவரே சொல்கிறார்.

எமில் ஜாட்டோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரும் 5,000 மீட்டரும் வென்று, எட்டு நாள் இடைவெளிக்குள் வாழ்க்கையின் முதல் மாரத்தானையும் ஓடித் தங்கம் வாங்கினாரே, நமக்கு ஒரு முப்பதுக்கு இவ்வளவு பஞ்சாங்கம் பார்க்க வேண்டுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஜாட்டோபெக்குக்கு வேண்டியதில்லைதான். திங்கட்கிழமை காலை நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கு வேண்டும்.

அதன் பிறகு என் நடைமுறையில் மூன்று மாற்றங்கள். நடுவில் வரும் போட்டிக்கு ஒரே நோக்கம்தான், அதை ஒரு வரியில் எழுதித் தருகிறேன். ஓடிய நேரம் திட்டத்தைவிட வேகமாக இருந்தால், அடுத்த இரண்டு வாரத்தை அன்று இரவே அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். கடிகாரம் தன் கணக்கில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானாக நேரத்தைப் பிரித்துக் காட்டும் வசதியை நிறுத்தச் சொல்லி, சாலையோரப் பலகையைக் கடக்கும்போது கையால் பொத்தானை அழுத்தச் சொல்கிறேன். பலகைக்குப் பலகை வரும் நேரம் பொய் சொல்லாது. அழுத்த மறந்தாலும் பரவாயில்லை, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை எந்த நேரத்தில் இருக்க வேண்டும் என்பதை மணிக்கட்டில் எழுதிக்கொண்டால் போதும். பழைய காலத்து முறை, பேட்டரி வேண்டாம்.

மாரத்தான் முடிந்து ஏழு மாதம் கழித்து, அவர் அடுத்த மாரத்தானுக்கான திட்டத்தில் இருந்தபோது, அதே 30 கிலோமீட்டர்ப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டார். ஆறு வாரம் இடைவெளி இருந்தது. நோக்கம் என்ன என்று கேட்டேன். "ஜெல்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. சரி என்றேன்.

போட்டி முடிந்து அவரிடமிருந்து வந்த குறுஞ்செய்தி இது: "30.24. நான்கு ஜெல்லும் உள்ளே. நேரம் 2:57:20."